யாருக்காக இந்த ஆட்டம்?



கால்பந்து பற்றிப் பேச வந்தவன் உலகக் கோப்பையைப் பற்றிப் பேசுவான், இல்லாவிட்டால் மெஸ்ஸியா ரொனால்டோவா என்ற பஞ்சாயத்தைக் கூட்டுவான் என்றுதான் நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். இரண்டும் இல்லை. கால்பந்துப் பைத்தியங்களே அரைமனதோடு பார்க்கிற ஓர் ஆட்டத்தை இன்றைக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். அது சூப்பர் கோப்பை.

தெரியாதவர்களுக்காக ஒரு நிமிடம். பெரும்பாலான நாடுகளில் ஒரு பருவத்துக்கு இரண்டு பெரிய பட்டங்கள் உண்டு. ஒன்று லீக். எல்லா அணியும் எல்லா அணியோடும் சொந்த ஊரில் ஒரு முறை, எதிராளி ஊரில் ஒரு முறை ஆடிப் புள்ளி சேர்க்க வேண்டும். ஒன்பது மாதம் மூச்சைப் பிடித்து ஓட வேண்டிய ஓட்டம். இன்னொன்று கோப்பை. அதில் தோற்றால் அன்றைக்கே மூட்டை கட்ட வேண்டியதுதான். லீக்கை ஓர் அணி வெல்லும், கோப்பையைப் பெரும்பாலும் வேறோர் அணி வெல்லும். இந்த இரண்டு பேரையும் நேருக்கு நேர் நிறுத்தி ஆடவிட்டால் அது சூப்பர் கோப்பை. தோற்றவருக்கு எந்த நஷ்டமும் இல்லை. புள்ளி குறையாது, கீழ்ப் பிரிவுக்கு இறங்க வேண்டாம். பயிற்சியாளர்கள் பலர் இதைப் பருவத்துக்கு முந்தைய ஒத்திகையாகவே நடத்துவார்கள். ஜெயித்தால் மட்டும் பட்டக் கணக்கில் ஒன்று கூட்டிக்கொள்வார்கள். ஜோசே மொரின்யோ 2016-17 பருவத்தில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்காக மூன்று கோப்பை வென்றதாக மூன்று விரலை நீட்டிக் காட்டினாரே, அந்த மூன்றில் ஒன்று இது.

அப்புறம் எதற்கு இதைப் பற்றி ஒரு சொற்பொழிவு? காரணம் இருக்கிறது. உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் யார் ஜெயித்தார்கள் என்ற ஒரே கேள்வி மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும். முடிவுக்குப் பெரிய மதிப்பில்லாத ஆட்டத்தில் அந்தத் திரை கிடையாது. எந்த ஊரில் ஆடுகிறார்கள், அரங்கில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், டிக்கெட் காசு யார் பைக்குப் போகிறது என்பதெல்லாம் பளிச்சென்று தெரியும். ஒரு நாட்டுக் கால்பந்து யார் கையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டுமா? அந்த நாட்டின் சூப்பர் கோப்பையைப் பாருங்கள் என்பேன்.

2024 ஏப்ரல் 7-ஆம் தேதி துருக்கியில் நடந்ததைச் சொல்கிறேன். சிரிய எல்லைக்கு அருகில் இருக்கிற ஷான்லிஉர்ஃபா நகரில் சூப்பர் கோப்பை ஆட்டம். லீக் சாம்பியன் கலாத்தசராய், கோப்பை சாம்பியன் ஃபெனர்பாச்சே. இரண்டுமே இஸ்தான்புல் அணிகள். ஒன்றுக்கு ஐரோப்பியக் கரை, மற்றதற்கு ஆசியக் கரை. ஜென்மப் பகை. ஃபெனர்பாச்சே தன் முதல் அணியை அனுப்பாமல் பத்தொன்பது வயதுக்கு உட்பட்ட பையன்களை அனுப்பியது. முதல் நிமிடத்திலேயே கலாத்தசராயின் இகார்டி கோல் அடித்தார். அவ்வளவுதான், ஃபெனர்பாச்சே பையன்கள் மைதானத்தை விட்டு நடந்து வெளியே போய்விட்டார்கள். ஆட்டம் முடிந்தது. கோப்பை கலாத்தசராய்க்கு. காசு கொடுத்து வந்த ஜனம் ஏமாறக் கூடாதே என்று கலாத்தசராய் ஆட்டக்காரர்கள் இரண்டாகப் பிரிந்து தங்களுக்குள்ளேயே ஆடிக் காட்டினார்கள்.

இதற்கு முந்தைய கதை இன்னும் சுவாரசியமானது. அந்த ஆட்டம் முதலில் நடக்க வேண்டியிருந்தது 2023 டிசம்பர் 29 அன்று, சவூதி அரேபியாவின் ரியாத்தில். துருக்கிக் குடியரசு பிறந்து நூறாவது ஆண்டு அது. அந்தக் குடியரசை உருவாக்கிய அத்தாதுர்க்கின் படம் போட்ட பனியனோடு பயிற்சிக்கு இறங்குவோம் என்றன இரண்டு அணிகளும். முன்பே ஒப்புக்கொண்ட விதிகளில் அது இல்லை என்றார்கள் அங்கிருந்த ஏற்பாட்டாளர்கள். வாக்குவாதம் முற்றி, ஆட்டம் அன்றைக்கே ரத்தாகி, இரண்டு அணிகளும் ஊருக்கு விமானம் ஏறிவிட்டன. பொதுவாக ஒருவரை ஒருவர் பார்த்தாலே பல்லைக் கடிக்கிற இரண்டு கூட்டமும் அன்று ஒரே பக்கம் நின்றன. குடியரசின் நூற்றாண்டைக் கொண்டாடுகிற ஆட்டத்தை ஏன் இன்னொரு நாட்டில் வைத்தீர்கள் என்று துருக்கி ரசிகர்கள் கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு இன்று வரை நல்ல பதில் இல்லை. ஏப்ரலுக்குள் நிலைமை வேறு மாதிரி கெட்டுப்போயிற்று. மார்ச்சில் டிராப்சோன் ஊரில் ரசிகர்கள் மைதானத்துக்குள் புகுந்து ஃபெனர்பாச்சே ஆட்டக்காரர்களைத் தாக்கினார்கள். அதன் பிறகு ஃபெனர்பாச்சே ஆட்டத்தைத் தள்ளிவையுங்கள், வெளிநாட்டு நடுவரைக் கொடுங்கள் என்று கேட்டது. கிடைக்கவில்லை. பையன்கள் வெளியே நடந்தது அந்தக் கோபத்தில்.

மதிப்பில்லாத ஆட்டம் என்றோமே, அதற்கு இவ்வளவு ரகளை.

சரி, இந்த வழக்கம் எங்கே தொடங்கியது என்று பார்ப்போம். இங்கிலாந்தில்தான், அதுவும் தர்மத்துக்குக் காசு திரட்ட. 1898-இல் சர் தாமஸ் டூவர் என்ற விஸ்கி வியாபாரி ஒரு கேடயம் கொடுத்தார். அவர் லண்டன் நகரின் ஷெரிஃப் பதவியில் இருந்தவர், அதனால் அது ஷெரிஃபின் கேடயம் ஆயிற்று. ஆறடிக்கு மேல் உயரம். எந்த ஆட்டக்காரரும் தலைக்கு மேல் தூக்கிக் காட்டியிருக்க முடியாது. நாட்டின் சிறந்த தொழில்முறை அணியும் சிறந்த அமெச்சூர் அணியும் மோத வேண்டும், வசூல் மருத்துவமனைகளுக்கும் அறப்பணிகளுக்கும் போக வேண்டும் என்பது ஏற்பாடு. அமெச்சூர் தரப்பில் பெரும்பாலும் கொரிந்தியன் அணி. பரிசுக்காக ஆடுவது கௌரவக் குறைவு என்று எந்தப் போட்டியிலும் சேராமல் இருந்த கனவான்கள் அவர்கள். தர்மக் காரியம் என்பதால் இதற்கு மட்டும் விதியைத் தளர்த்திக்கொண்டார்கள். 1900-இல் லீக் சாம்பியனான ஆஸ்டன் வில்லாவை 2-1 என்று தோற்கடித்தும் காட்டினார்கள்.

1907-இல் அமெச்சூர் கிளப்புகள் பல இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்தோடு பிணங்கித் தனிக்கடை போட்டன. சங்கம் சும்மா இருக்கவில்லை. மறு ஆண்டே தன் பெயரில் ஒரு தர்மக் கேடயத்தை ஆரம்பித்தது. 1908-இல் முதல் ஆட்டம், லண்டன் ஸ்டாம்ஃபர்ட் பிரிட்ஜில். வாழ்க்கையில் முதல் முறையாக லீக்கை வென்றிருந்த மான்செஸ்டர் யுனைடெட் ஒரு பக்கம், சதர்ன் லீக் சாம்பியன் குவீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் மறுபக்கம். ஏப்ரலில் 1-1 சமன். மறு ஆட்டம் ஆகஸ்டில் நடந்தது. யுனைடெட் 4-0 என்று வென்றது, ஜிம்மி டர்ன்புல் மூன்று கோல். 1911-இல் இதே யுனைடெட் ஸ்விண்டன் டவுனை 8-4 என்று அடித்தபோது ஹெரால்ட் ஹால்ஸ் என்பவர் தனி ஆளாக ஆறு கோல் போட்டார். கேடய வரலாற்றில் அதை இன்னும் யாரும் தொடவில்லை. 1912 மே மாதம் பிளாக்பர்னும் குவீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸும் ஆடிய ஆட்டத்தின் வசூல் டைட்டானிக் நிவாரண நிதிக்குப் போனது. கப்பல் மூழ்கி அப்போது மூன்று வாரம்கூட ஆகவில்லை.

லீக் சாம்பியனுக்கும் கோப்பை சாம்பியனுக்கும் என்ற இன்றைய வடிவம் முதலில் வந்தது 1921-இல். டாட்டன்ஹாம் பர்ன்லியை 2-0 என்று வென்றது. பிறகும் அடிக்கடி மாற்றிக்கொண்டே இருந்தார்கள். 1950-இல் இங்கிலாந்தின் உலகக் கோப்பை அணியும், கனடாவில் சுற்றுப்பயணம் போய்வந்த அணியும் ஆடின. 1961-இல் டாட்டன்ஹாம் இரண்டு பட்டங்களையும் ஒரே பருவத்தில் வென்றுவிட்டதால் எதிராளி கிடைக்கவில்லை. சங்கம் பொறுக்கியெடுத்த பதினொருவரோடு ஆடச் சொன்னார்கள். நடுநடுவே நல்ல கூத்தும் உண்டு. 1967 ஆகஸ்ட், ஓல்டு டிராஃபர்டு. டாட்டன்ஹாம் கோல்கீப்பர் பாட் ஜென்னிங்ஸ் தன் பெட்டியிலிருந்து கையில் இருந்த பந்தை ஓங்கி உதைத்தார். அது மறுமுனை வரை பறந்து போய், ஒரு முறை தரையில் குத்தி எழும்பி, முன்னால் வந்து நின்ற மான்செஸ்டர் யுனைடெட் கோல்கீப்பர் அலெக்ஸ் ஸ்டெப்னியின் தலைக்கு மேலே போய் வலைக்குள் விழுந்தது. ஒரு கோல்கீப்பர் இன்னொரு கோல்கீப்பருக்கு கோல் அடித்தார். ஆட்டம் 3-3. ஆளுக்கு ஆறு மாதம் என்று கேடயத்தைப் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் இந்த ஆட்டத்துக்கு மரியாதை போய்விட்டது. 1971-இல் இரண்டு பட்டத்தையும் வென்ற ஆர்சனல், வேறு ஆட்டங்களுக்கு ஒப்புக்கொண்டோம் என்று வரவில்லை. இரண்டாம் பிரிவு சாம்பியன் லெஸ்டர் சிட்டி, கோப்பை இறுதியில் தோற்ற லிவர்பூலோடு ஆடிக் கேடயத்தை எடுத்துப் போனது. 1972-இல் லீக் வென்ற டார்பியும் வரவில்லை, கோப்பை வென்ற லீட்ஸும் வரவில்லை. நான்காவது இடம் பிடித்த மான்செஸ்டர் சிட்டியும் மூன்றாம் பிரிவில் முதலிடம் பிடித்த வில்லாவும் ஆடின. 1973-இலும் இதே கதை. அழைப்பிதழ் அச்சடித்தாயிற்று, யார் வந்தால் என்ன என்ற நிலைமை.

அதை மாற்ற நினைத்தவர் சங்கத்தின் செயலாளர் டெட் குரோக்கர். இனிமேல் லீக் சாம்பியனும் கோப்பை சாம்பியனும்தான் ஆட வேண்டும், பருவத்தின் தொடக்க விழாவாக வெம்பிளியில் ஆட வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். 1974 ஆகஸ்ட் 10. லீட்ஸும் லிவர்பூலும். இந்த ஒரு ஆட்டத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

லிவர்பூலை நடத்தி வந்தவர் பில் ஷாங்க்லி. மே மாதம் கோப்பையை வென்று கொடுத்துவிட்டு, ஜூலையில் திடீரென்று ஓய்வு அறிவித்து ஊரையே கலங்க வைத்தவர். கடைசியாக ஒரு முறை அணியை அழைத்து வருகிறார். அவருக்குப் பக்கத்தில் லீட்ஸ் அணியை அழைத்து வருபவர் பிரையன் கிளஃப். லீட்ஸுக்குப் பட்டம் வாங்கித் தந்த டான் ரெவி தேசிய அணிக்குப் போய்விட, அந்த இடத்துக்கு வந்து இரண்டு வாரம்கூட ஆகாத மனிதர். ரெவியின் லீட்ஸை ஏமாற்றுக்கார அணி என்று வருஷக்கணக்காகப் பத்திரிகையில் திட்டியவரும் இவரேதான். நீங்கள் வாங்கிய பதக்கங்களையெல்லாம் குப்பையில் போடுங்கள் என்று முதல் சந்திப்பிலேயே சொன்னார் என்று அந்த அணியின் ஆட்டக்காரர்கள் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். ஆக, ஒருவர் தன்னை உயிராக நேசிக்கும் அணியோடு விடைபெற வருகிறார், இன்னொருவர் தன்னை வெறுக்கும் அணியோடு தொடங்க வருகிறார். இரண்டு பேரும் பக்கம் பக்கமாக வெம்பிளிப் புல்லில் நடந்து வருகிறார்கள்.

ஆட்டம் ஆரம்பத்திலிருந்தே முரடு. காலை வாரிவிடுவதும் முழங்கையால் இடிப்பதும். முதலில் லிவர்பூலின் கெவின் கீகனை லீட்ஸின் ஜானி கைல்ஸ் குத்தினார், எச்சரிக்கையோடு தப்பினார். இடைவேளைக்குப் பிறகு ஒரு மோதலில் கீகனும் லீட்ஸ் தலைவர் பில்லி பிரெம்னரும் கையை வீச ஆரம்பித்துவிட்டார்கள். சிவப்பு அட்டை அப்போது இங்கிலாந்தில் வந்திருக்கவில்லை, அது 1976-இல்தான். நடுவர் பாப் மாத்யூசன் கையைக் காட்டி இருவரையும் வெளியேறச் சொன்னார். கீகன் சட்டையைக் கழற்றித் தரையில் எறிந்தார். பிரெம்னரும் கழற்றி எறிந்தார். வெற்று மார்போடு இரண்டு பேரும் மைதானத்தை விட்டுப் போனார்கள். தர்மத்துக்காக ஆடிய ஆட்டம்! தொலைக்காட்சியில் ஊரே பார்த்தது. வெம்பிளியில் இதற்கு முன்னால் எந்த பிரிட்டிஷ் ஆட்டக்காரரும் வெளியேற்றப்பட்டதில்லை.

ஆட்டம் 1-1 என்று முடிந்து பெனால்டிக்குப் போனது. ஆளுக்கு ஐந்தும் உள்ளே. ஆறாவதை அடிக்க லீட்ஸ் கோல்கீப்பர் டேவிட் ஹார்வி வந்தார். கம்பத்தில் பட்டது. இயன் கல்லகன் அடித்துக் கேடயத்தை லிவர்பூலுக்கு வாங்கினார். யாருக்கு அது நினைவிருக்கிறது? கழற்றி எறிந்த இரண்டு சட்டைகள்தான் வரலாற்றில் நின்றன. இருவருக்கும் தலா ஐநூறு பவுண்டு அபராதம், பதினொரு ஆட்டத்துக்குத் தடை. தன் தலைவன் இல்லாத லீட்ஸை வைத்துக்கொண்டு கிளஃப் தடுமாறினார். பதவியேற்ற 44-ஆம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இப்படியொரு அசிங்கத்தோடு ஆரம்பித்த வெம்பிளி ஏற்பாடு நிலைத்துவிட்டது என்பதுதான் வேடிக்கை. எனக்கு அதில் ஆச்சரியமில்லை. இந்த ஆட்டத்தில் சண்டை போடுகிற அளவுக்கு ஏதோ இருக்கிறது என்று அன்று ஊர் பார்த்துக்கொண்டது. வெறும் ஒத்திகை என்றால் யாரும் சட்டையைக் கழற்ற மாட்டார்கள். அடுத்த பருவம் எப்படி இருக்கும் என்று இந்த ஆட்டம் காட்டிக்கொடுக்குமா என்றால், காட்டாது. 1992-இல் எரிக் கான்டோனா லீட்ஸுக்காக மூன்று கோல் போட்டு லிவர்பூலை 4-3 என்று சாய்த்தார். நவம்பரில் அவரை மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு விற்றார்கள். அந்தப் பருவம் முடிந்தபோது நடப்புச் சாம்பியன் லீட்ஸ் பதினேழாவது இடத்தில் இருந்தது.

இனி, காசு. தர்மக் கேடயம் என்று பெயர் வைத்துக்கொண்டு தொண்ணூற்று நான்கு ஆண்டு ஓட்டினார்கள். 2002-இல் இங்கிலாந்தின் அறநிலைய ஆணையம் கணக்கைப் பார்த்தது. டிக்கெட் விலையில் எவ்வளவு தர்மத்துக்குப் போகிறது என்று சங்கம் சொல்லவே இல்லை, அறக்கட்டளைகளுக்குக் கொடுக்க வேண்டியதையும் தாமதித்திருக்கிறது என்று கண்டித்தது. சங்கம் என்ன செய்தது தெரியுமா? பெயரை மாற்றியது. அந்த ஆண்டு முதல் அது சமூகக் கேடயம். இதைக் கேட்டு நீங்கள் சிரிப்பது நியாயம்தான். ஆனால் சங்கத்துக்காக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன்: கூடவே பங்கீட்டுக்கு ஒரு முறையும் வந்தது. இங்கிலாந்தின் கோப்பையான எஃப்.ஏ. கோப்பையின் முதல் சுற்றிலிருந்து ஆடுகிற 124 கிளப்புகளுக்கும் பங்கு போகிறது, அவை தங்கள் ஊரில் ஒரு நற்பணிக்குக் கொடுக்கின்றன. மீதி தேசிய அளவிலான அறக்கட்டளைகளுக்கு. கேள்வி கேட்க ஓர் ஆணையம் இருந்தது, கேட்டதும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. இது சின்ன விஷயம் இல்லை.

ஏனென்றால் அடுத்து நாம் போகிற இடத்தில் அப்படி யாரும் கேட்கவில்லை.

இத்தாலியில் இந்தக் கோப்பை 1988 பருவத்துக்காகத் தொடங்கியது. ஐந்தே ஆண்டில் வெளியூர் கிளம்பிவிட்டது. 1993-இல் மிலானும் டொரினோவும் வாஷிங்டனில் ஆடின. மறு ஆண்டு உலகக் கோப்பை நடத்தவிருந்த அமெரிக்காவுக்கு ஒரு மாதிரி காட்ட. 2002-இல் ஜுவென்டஸும் பார்மாவும் லிபியாவின் திரிபோலியில். அப்போது லிபிய அரசின் முதலீட்டு நிறுவனம் ஜுவென்டஸில் பங்கு வைத்திருந்தது, லிபியாவை ஆண்ட கடாஃபியின் மகன்களில் ஒருவர் அதன் இயக்குநர் குழுவில் இருந்தார் என்பதைச் சேர்த்துப் பார்த்தால் ஊரைத் தேர்ந்தெடுத்த காரணம் விளங்கும். பிறகு பெய்ஜிங், தோஹா, ஷாங்காய். 2019 ஜனவரியில் ஜெத்தா. அந்த ஆட்டத்துக்குப் பெண்கள் குடும்பப் பகுதியில் மட்டும் உட்காரலாம் என்று டிக்கெட் விற்றபோது இத்தாலியில் கட்சி பேதமில்லாமல் திட்டினார்கள். ஆட்டம் நடந்தது, ரொனால்டோ தலையால் முட்டி ஒரு கோல் போட்டார், ஜுவென்டஸ் வென்றது.

பிரெஞ்சுக்காரர்கள் இதிலும் ஒரு படி மேல். மாண்ட்ரியல், துனிஸ், டாஞ்சியர், நியூயார்க் பக்கத்து ஹாரிசன், லிப்ரவில், பெய்ஜிங் என்று ஆண்டுக்கு ஓர் ஊர் சுற்றினார்கள். ஊர் சுற்றுவதோடு நிற்காமல் ஆட்டத்தின் வடிவத்திலேயே கை வைத்தவர்கள் ஸ்பெயின்காரர்கள்.

ஸ்பெயினின் சூப்பர் கோப்பை 1982-இல் தொடங்கியது. ஆளுக்கு ஒரு மைதானத்தில் ஓர் ஆட்டம், இரண்டையும் கூட்டிப் பார்த்து முடிவு. ஒரே அணி இரண்டு பட்டமும் வென்றால்? 1984-இல் அத்லெட்டிக் பில்பாவோவுக்கும் 1989-இல் ரியல் மாட்ரிட்டுக்கும் ஆட்டமே இல்லாமல் கோப்பையைக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த ஏற்பாடு அது. இரண்டையும் நீயே வென்றாய், உன்னோடு மோத ஆள் இல்லை, எடுத்துக்கொண்டு போ. சொந்த மைதானங்களில் நடந்த காலத்தில் ஆட்டத்துக்குச் சூடும் குறையவில்லை. 2017-இல் பார்சிலோனா மைதானத்தில் கோல் போட்டுச் சட்டையைக் கழற்றிக் காட்டிய ரொனால்டோ, கொஞ்ச நேரத்தில் வெளியேற்றப்பட்டார். போகிற போக்கில் நடுவரின் முதுகையும் தள்ளியதால் மொத்தம் ஐந்து ஆட்டத் தடை வாங்கினார்.

பிறகு ஸ்பெயின் கால்பந்துக் கூட்டமைப்பு ஒரு கணக்குப் போட்டது. வெளியூரில் இரண்டு அணி ஆடினால் ஒரு ஆட்டம், நான்கு அணி ஆடினால் மூன்று ஆட்டம். லீக்கில் முதல் இரண்டு, கோப்பையில் முதல் இரண்டு என்று நான்கு அணி. இடம் சவூதி அரேபியா. மாதம் ஜனவரி, பருவத்தின் நட்டநடு. 2020 ஜனவரியில் ஜெத்தாவில் முதல் பதிப்பு. 2018-19 லீக்கை வென்றது பார்சிலோனா, கோப்பையை வென்றது வலென்சியா. பழைய முறைப்படி அந்த இரண்டு பேர்தான் ஆடியிருக்க வேண்டும். பார்சிலோனா கோப்பையிலும் இரண்டாவது இடம் வந்திருந்ததால் ஓர் இடம் காலியாயிற்று. அது லீக்கில் மூன்றாவது வந்த ரியல் மாட்ரிட்டுக்குப் போனது. பார்சிலோனாவுக்கு 87 புள்ளி, ரியலுக்கு 68. அரையிறுதியில் ரியல் வலென்சியாவை வென்றது, அத்லெட்டிகோ மாட்ரிட் பார்சிலோனாவை வென்றது. இறுதியில் மாட்ரிட்டின் இரண்டு அணிகள். மாப்பிள்ளையும் இல்லை, பெண்ணும் இல்லை, கல்யாணம் மட்டும் ஜோராக நடந்தது.

இறுதியாட்டத்தில் ஒரு காட்சி. கோல் இல்லாமல் கூடுதல் நேரம், 115-ஆவது நிமிடம். அத்லெட்டிகோவின் மொராட்டா தனியாகக் கோலை நோக்கி ஓடுகிறார். ரியலின் ஃபெடரிகோ வால்வெர்டே பின்னாலிருந்து துரத்தி வந்து, பந்தைப் பற்றிக் கவலையே படாமல், இரண்டு காலையும் சேர்த்து வாரிவிட்டார். சிவப்பு அட்டை. வெளியே போகிறவரை எதிரணிப் பயிற்சியாளர் சிமியோனே தட்டிக் கொடுத்து அனுப்பினார். பெனால்டியில் ரியல் 4-1 என்று வென்றது. ஆட்ட நாயகன் விருது வால்வெர்டேவுக்கு. மறுநாள் பார்சிலோனா தன் பயிற்சியாளரைப் பதவியிலிருந்து நீக்கியது. அவர் பெயரும் வால்வெர்டேதான், எர்னெஸ்டோ வால்வெர்டே. லீக் பட்டியலில் அவருடைய அணி அப்போது முதலிடத்தில் இருந்தது.

சுருக்கமாக: முந்தைய பருவத்தில் லீக்கையும் வெல்லாத, கோப்பையையும் வெல்லாத அணி சாம்பியன்களின் கோப்பையை எடுத்துக்கொண்டு போனது. இங்கிலாந்திலும் இது நடக்காமல் இல்லை. 2023-இல் மான்செஸ்டர் சிட்டி இரண்டு பட்டமும் வென்றதால் இரண்டாவது வந்த ஆர்சனலை அழைத்தார்கள், ஆர்சனல் பெனால்டியில் கேடயத்தை வென்றது. ஆனால் அங்கே எதிராளி இல்லாததால் கூப்பிட்டார்கள். ஜெத்தாவில் எதிராளி இருந்தும், கோப்பை வென்றவர் ஊரிலேயே இருந்தும், கூட்டம் சேர்க்க இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டார்கள். இரண்டும் ஒன்றல்ல.

2022 ஏப்ரலில் எல் கான்ஃபிடென்சியல் என்ற ஸ்பானிய நாளேடு சில ஒலிப்பதிவுகளை வெளியிட்டது. இந்தச் சவூதி ஒப்பந்தத்தைப் பேசி முடித்ததில் கோஸ்மோஸ் என்ற நிறுவனத்துக்குத் தரகு உண்டு, ஆறு ஆண்டுக்கு 2.4 கோடி யூரோ என்று தெரியவந்தது. கோஸ்மோஸின் உரிமையாளர் ஜெரார்ட் பிக்கே. அப்போது பார்சிலோனாவின் தடுப்பாட்டக்காரர், அந்தக் கோப்பையில் ஆடுகிறவர். எல்லாம் சட்டப்படிதான் என்றார் அவர். கூட்டமைப்பின் அப்போதைய தலைவர் லூயிஸ் ருபியாலெஸும் அப்படியே சொன்னார். சட்டத்தை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். நான் கேட்பது வேறு. ஆடுகிறவர் ஒருவரே அந்த ஆட்டத்துக்குத் தரகராகவும் இருக்கலாம் என்று எந்த ஊர்த் திருவிழாவில் ஒப்புக்கொள்வார்கள்?

இங்கே உங்களில் யாராவது என்னை மடக்கலாம். ஜெத்தாவில் இருக்கிறவன் ரசிகன் இல்லையா, அவனும் ஆசைப்பட்டுத்தானே காசு கொடுக்கிறான், நாமே வெளியூர் ரசிகர்கள்தானே, நடுராத்திரியில் டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறோமே என்று. நியாயமான கேள்வி. சவூதி மக்களுக்குக் கால்பந்து மேல் உள்ள பிரியம் வாடகைக்கு வாங்கியது இல்லை, அவர்களுக்குச் சொந்த லீக் இருக்கிறது, சொந்தப் பகைகள் இருக்கின்றன. 2018-இல்தான் அங்கே பெண்கள் அரங்கத்துக்குள் போக அனுமதி கிடைத்தது. முதல் முறை உள்ளே போன ஒரு பெண்ணின் மகிழ்ச்சியைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. என் சண்டை அவர்களோடு இல்லை. ஸ்பெயின் ஆட்டத்தை நாம் இங்கிருந்து ஏன் பார்க்கிறோம்? பில்பாவோவின் சத்தம், செவில்லாவின் பாட்டு, மாட்ரிட் ஜனம் தன் ஆட்டக்காரனையே ஊளையிட்டு ஏளனம் செய்கிற அந்தத் திமிர். இவற்றைத் தொலைக்காட்சியில் கேட்டுத்தான் நாம் மயங்கினோம். வலென்சியாவில் டிக்கெட் வரிசையில் நின்று பழகிய மனிதர் ஜெத்தாவுக்கு விமான டிக்கெட் எடுக்க முடியாமல் தன் அணியை வீட்டில் உட்கார்ந்து பார்த்தார் என்றால், நமக்கு வருகிற சத்தமும் போய்விடும்.

எதிர்ப்பக்கத்துக்கு ஒரு சாட்சி. 2025 ஆகஸ்ட் 10, வெம்பிளி. லீக் சாம்பியன் லிவர்பூல், கோப்பை சாம்பியன் கிரிஸ்டல் பேலஸ். பேலஸ் தென் லண்டன் கிளப், 1905-இல் தொடங்கியது. அந்த மே மாதம் மான்செஸ்டர் சிட்டியை 1-0 என்று வென்றதுதான் அவர்களுடைய முதல் பெரிய கோப்பை. நூற்றிருபது வருஷம் காத்திருந்தவர்கள். கேடய ஆட்டத்துக்கு வந்ததும் அதுவே முதல் முறை. லிவர்பூல் இருபது நிமிடத்தில் இரண்டு கோல் போட்டது. பேலஸ் இரண்டு முறையும் சமன் செய்தது. பெனால்டியில் லிவர்பூலின் சலா பந்தை வானத்துக்கு அனுப்பினார், பேலஸ் கோல்கீப்பர் டீன் ஹெண்டர்சன் இரண்டைத் தடுத்தார், கடைசியாக ஜஸ்டின் டெவெனி என்ற இளைஞர் அடித்து முடித்தார். பேலஸ் பக்கத்தில் யாரும் இது ஒத்திகை, இதற்கு மதிப்பில்லை என்று சொல்லியிருந்தால் அடி விழுந்திருக்கும்.

மறுநாளே அவர்களுக்கு வேறு அடி விழுந்தது. கோப்பை வென்றதால் பேலஸுக்கு யூரோப்பா லீக்கில் இடம் உண்டு. ஆனால் அதன் பங்குதாரர் ஒருவருக்குப் பிரான்சின் லியோன் கிளப்பிலும் பங்கு இருந்ததைக் காட்டி, ஐரோப்பியச் சங்கம் பேலஸைக் கீழ்ப் போட்டிக்கு இறக்கியிருந்தது. விளையாட்டு நடுவர் மன்றம் ஆகஸ்ட் 11-ஆம் தேதி மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. மைதானத்தில் வாங்கியதை ஒரு முதலாளியின் பங்குக் கணக்கில் இழந்தார்கள். முந்தின நாள் வாங்கிய கேடயத்தை மட்டும் யாரும் திருப்பிக் கேட்க முடியவில்லை.

ஜெர்மனி இந்த ஆட்டத்தைத் தன் எல்லையைத் தாண்ட விடுவதில்லை. 2025-இல் அதற்குப் பழம்பெரும் ஆட்டக்காரர் பெக்கன்பவரின் பெயரை வைத்து, கோப்பை வென்ற ஸ்டுட்கார்ட்டின் சொந்த மைதானத்திலேயே லீக் சாம்பியன் பயர்னோடு நடத்தினார்கள். பயர்ன் 2-1 என்று வென்றது. காசு குறைந்தால் குறையட்டும் என்று ஒரு லீக் முடிவெடுத்தால் எடுக்க முடியும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆகவே என் தீர்ப்பு இது. லீக் வென்றவரும் கோப்பை வென்றவரும் மட்டும் ஆடட்டும். இரண்டையும் ஒருவரே வென்றால் ஆட்டமில்லாமல் கோப்பையைக் கொடுத்துவிடட்டும். அவர்களுடைய ரசிகர்கள் ரயிலிலோ பேருந்திலோ வந்து சேரக்கூடிய ஓர் ஊரில் வைக்கட்டும். வசூல் கணக்கை அச்சடித்து வெளியிடட்டும். ஸ்பெயினும் இத்தாலியும் இந்த நான்கில் ஒன்றையாவது செய்கிற வரைக்கும் அவர்கள் கொடுக்கிற கோப்பையை நான் பட்டக் கணக்கில் சேர்க்கப்போவதில்லை. நீங்களும் சேர்க்காதீர்கள்.